ஓட்டிவிட்டுத் திருப்பித் தந்தாலும் திருட்டா? ஜோத்பூர் விமான வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த வழக்கை எடுத்துக்கொண்டதன் காரணம்

வண்டித் திருட்டு வழக்குகளில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பிலிருந்து அடிக்கடி வரும் வாதம் இது: "எடுத்தது உண்மைதான். ஆனால் விற்கவோ வைத்துக்கொள்ளவோ எடுக்கவில்லை. திருப்பிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன்." பக்கத்து வீட்டு பைக்கை ராத்திரி எடுத்து ஊர் சுற்றியவர் இதைச் சொல்வார். முதலாளியின் காரைக் கேட்காமல் வெளியூருக்கு எடுத்துப் போன டிரைவரும் இதையே சொல்வார். சொல்பவர்களில் பலர் இதை உண்மையாகவே நம்புகிறார்கள். வைத்துக்கொள்ளாதது எப்படித் திருட்டாகும் என்பது அவர்கள் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1957 பிப்ரவரியில் பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் எடுக்கப்பட்டது இந்திய விமானப் படையின் பயிற்சி விமானம். எடுத்தவர்கள் பயிற்சியில் இருந்த இளைஞர்கள். பொருள் பெரியது, எல்லை தாண்டிப் போனது, செய்தி பரபரப்பானது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கேட்காமல் எடுத்த பைக் வழக்கில் எழும் கேள்விதான் இங்கேயும் எழுந்தது. சட்டக் கல்லூரிகளில் திருட்டுப் பிரிவைப் படிக்கும் எவரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு. சம்பந்தப்பட்ட இருவரின் பெயரும் இங்கே தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

பின்னணி

இருவரும் ஜோத்பூரில் இருந்த விமானப் படைப் பயிற்சிக் கழகத்தில் கேடட்டுகள், அதாவது பயிற்சி மாணவர்கள். நண்பர்கள். ஒருவர் நேவிகேட்டர் பயிற்சியில் இருந்தார். வரைபடத்தையும் கருவிகளையும் பார்த்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று விமானிக்கு வழி சொல்வதுதான் நேவிகேட்டரின் வேலை. விமானத்தை ஓட்டுவது அவர் வேலை அல்ல. இன்னொருவருக்கு ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டத் தெரியும். ஆனால் 1952 மே 13 அன்று ஒழுங்கீனத்துக்காக அவரைக் கழகத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். மறுநாள் அவர் ரயில் ஏறி ஊர் போக வேண்டும்.

அதே மறுநாள், மே 14 காலை, நேவிகேட்டர் மாணவருக்குப் பயிற்சிப் பறத்தல் இருந்தது. 6 மணிக்கும் 6.30-க்கும் இடையில், வேறொரு கேடட்டுடன், டகோட்டா விமானத்தில் என்று திட்டம் போடப்பட்டிருந்தது. பயிற்சி மாணவர்கள் பொதுவாக விமான நிலையத்தைச் சுற்றிச் சுமார் 20 மைலுக்குள்தான் பறக்க வேண்டும். கிளம்பும் முன் அனுமதிப் பதிவேட்டில் எழுத வேண்டும், விமானத்தின் நிலை பற்றிய படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் வெறும் காகித வேலை இல்லை. ஒரு விமானம் யார் பொறுப்பில், எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு வெளியே போகிறது என்று படைக்குத் தெரிந்திருப்பதற்கான ஒரே வழி அதுதான்.

மே 14 காலை

சுமார் 5 மணிக்கு ஒரு விமானம் கிளம்பியது. திட்டத்தில் இருந்த டகோட்டா அல்ல அது, ஒற்றை எஞ்சின் கொண்ட ஒரு ஹார்வர்டு விமானம். அதில் நேவிகேட்டர் மாணவரோடு உட்கார்ந்திருந்தவர் திட்டத்தில் இருந்த கேடட் அல்ல, முந்தைய நாள் வெளியேற்றப்பட்ட நண்பர். அனுமதி வாங்கவில்லை. முன்நடைமுறை எதுவும் பின்பற்றப்படவில்லை. வானொலியில் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டதற்கும் பதில் இல்லை.

முற்பகலில் அந்த விமானம் இந்திய எல்லைக்கு அப்பால் சுமார் 100 மைல் உள்ளே, பாகிஸ்தான் மண்ணில் ஒரு வயலில் இறங்கியது. பறக்க அனுமதிக்கப்படும் 20 மைல் தூரத்தையும் எல்லையைத் தாண்டிய இந்த 100 மைலையும் சேர்த்துப் பார்த்தால், பின்னால் வந்த நீதிமன்றங்கள் ஏன் "வழி தவறிவிட்டோம்" என்ற விளக்கத்தை ஏற்கத் தயங்கின என்று புரியும்.

கராச்சியும் கைதும்

இறங்கிய உடனே இருவரும் இந்திய அதிகாரிகள் யாரையும் தொடர்புகொள்ளவில்லை. மே 16 காலை 7 மணி வாக்கில் கராச்சியில் இந்திய ஹைகமிஷனரின் ராணுவ ஆலோசகரை நேரில் போய்ப் பார்த்தார்கள். அப்போது கராச்சிதான் பாகிஸ்தானின் தலைநகரம். வழி தவறிவிட்டது, வயலில் இறங்க வேண்டியதாகிவிட்டது, விமானத்தை அங்கேயே விட்டு வந்திருக்கிறோம், டெல்லி போக உதவுங்கள் என்று கேட்டார்கள்.

அந்த அதிகாரி இருவரையும் பயணிகள் விமானத்தில் டெல்லிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஹார்வர்டு ஜோத்பூருக்குத் திரும்பவும் ஏற்பாடு செய்தார். மே 17 அன்று அந்தப் பயணிகள் விமானம் ஜோத்பூரில் நிறுத்தப்பட்டது. அங்கேயே இருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

அரசுக்குப் பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது. எதிரிகளோ தாங்களாகவே இந்திய அதிகாரியிடம் போனவர்கள். இதற்குப் பிறகும் திருட்டு என்று வழக்குப் போட்டது சரியா என்று கேட்கத் தோன்றும். இந்த வழக்கின் பயனே இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டதில்தான் இருக்கிறது.

எந்தப் பிரிவு, எதை நிரூபிக்க வேண்டும்

இந்திய தண்டனைச் சட்டம் 1860-ல் இயற்றப்பட்டு 1862-ல் நடைமுறைக்கு வந்தது. கார் என்ற பொருளே இல்லாத காலம். அதனால் அதில் வண்டித் திருட்டு என்று தனிக் குற்றம் கிடையாது. 378-வது பிரிவு திருட்டு எது என்று சொல்கிறது, 379 தண்டனையைச் சொல்கிறது. 379-ன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

378-ஐப் பிரித்துப் பார்த்தால் அரசுத் தரப்பு ஐந்து விஷயங்களை நிரூபிக்க வேண்டும். எடுத்தது அசையும் பொருள். அது இன்னொருவர் வசம் இருந்தது. அவர் சம்மதம் இல்லை. பொருள் இருந்த இடத்திலிருந்து நகர்த்தப்பட்டது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுக்கப்பட்டது.

முதல் இரண்டும் நான்காவதும் இந்த வழக்கில் பிரச்சினையே இல்லை. விமானம் அசையும் பொருள். அது அரசின் வசம் இருந்தது. கேடட்டின் கை அதன் கதவில் பட்டதால் அது அவர் வசம் போய்விடாது. தன் ஊழியர் கையில் முதலாளிக்காக இருக்கும் பொருள் முதலாளியின் வசம் இருப்பதாகவே சட்டம் பார்க்கிறது. இதை டிரைவர் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாளி காரோடு டிரைவர் கம்பி நீட்டினால் அது நம்பிக்கை மோசடி மட்டும் என்று நினைப்பது தவறு. அது ஊழியர் செய்த திருட்டு, அதற்குத் தண்டனையும் கூடுதல். ரிப்பேருக்கு என்று மெக்கானிக்கிடம் ஒப்படைத்த காரை அவர் விற்றுவிட்டால் அது வேறு. அங்கே வசத்தை நாமே மாற்றிக் கொடுத்திருக்கிறோம், எனவே நம்பிக்கை மோசடிப் பிரிவுதான் வரும்.

ஆக, மிச்சம் இருந்தவை சம்மதமும் எண்ணமும். ஐந்து ஆண்டு நடந்த வாதம் முழுக்க இந்த இரண்டைச் சுற்றித்தான்.

"நேர்மையற்ற" என்பதை நல்ல ஆளா கெட்ட ஆளா என்ற பொதுப் பொருளில் சட்டம் பயன்படுத்தவில்லை. ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ, இன்னொருவருக்கு முறையற்ற நட்டமோ உண்டாக்கும் எண்ணத்தோடு ஒன்றைச் செய்தால் அது நேர்மையற்ற செயல். இரண்டும் சேர்ந்து இருக்கத் தேவையில்லை, ஏதாவது ஒன்று போதும். ஆதாயமோ நட்டமோ நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவுகளில் எங்கேயும் எழுதப்படவில்லை.

எதிரி தரப்பு சொன்னது

வாதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நேவிகேட்டர் மாணவருக்கு அன்று பறக்கும் முறை இருந்தது, ஆகவே பயிற்சியின் ஒரு பகுதியாகத்தான் பறந்தார், மறைமுகச் சம்மதம் இருந்தது என்பது முதலாவது. வானிலை மோசமாகி வழி தவறி, எரிபொருளும் தீரும் நிலைக்கு வந்ததால் தெரியாத இடத்தில் இறங்க வேண்டியதாயிற்று என்பது இரண்டாவது. கடைசி வாதம்தான் கனமானது: வேண்டுமென்றே போனதாகவே வைத்துக்கொண்டாலும், விமானத்தைத் தங்களுக்கு என்று வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. அது திரும்பி வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பயன்படுத்தியது ஒழுங்கீனமாக இருக்கலாம், திருட்டு ஆகாது.

மறைமுகச் சம்மதம் என்பது வெற்று வாதம் அல்ல. 378-வது பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று அதற்கு இடம் கொடுக்கிறது. நண்பர் வீட்டில் இல்லாத நேரம் அவருடைய நூலகத்துக்குள் போய், படித்துவிட்டுத் தருவதற்காக ஒரு புத்தகத்தை எடுத்து வருகிறார் ஒருவர். கேட்டிருந்தால் நண்பர் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று நம்பி எடுத்திருந்தால் அது திருட்டு அல்ல. அரசுத் தரப்பு வாதத்தைத் தாண்டிப் போக எதிரி தரப்புக்கு இருந்த நல்ல வழி இதுதான்.

அரசுத் தரப்போ, இருவரும் பாகிஸ்தானில் வேலை தேடும் நோக்கத்தோடு திட்டமிட்டே போனார்கள் என்றது.

கீழ் நீதிமன்றங்கள்

விசாரணை நீதிமன்றம் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 18 மாத மெய்க்காவல் (கடும் உழைப்பு இல்லாத) சிறையும் 750 ரூபாய் அபராதமும் விதித்தது. செஷன்ஸ் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்துச் சீராய்விலும் மாற்றம் இல்லை. அப்புறம் நேவிகேட்டர் மாணவர் சிறப்பு அனுமதி பெற்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

உச்ச நீதிமன்றம் எதைக் கவனித்தது

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜகந்நாததாஸ். மனதில் என்ன இருந்தது என்பதை எதிரியின் வாயிலிருந்து வாங்க முடியாது. நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் அதைப் படிக்க வேண்டும். நீதிமன்றமும் அந்தக் காலைப் பொழுதைத்தான் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தது.

திட்டமிட்ட நேரம் 6 மணிக்குப் பின், கிளம்பியது 5 மணிக்கு. திட்டமிட்டது டகோட்டா, எடுத்தது ஹார்வர்டு. கூட வர வேண்டியவர் ஒரு கேடட், வந்தவர் கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் போனவர். பதிவேடும் படிவமும் தொடப்படவில்லை. கூப்பிட்டும் திரும்பவில்லை. இதில் ஏதாவது ஒன்று மட்டும் நடந்திருந்தால் குழப்பம், அவசரம், இளமைத் துடுக்கு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்போது, அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று எதிரி நம்பியிருக்க முடியுமா? வெளியேற்றப்பட்டவரை ஏற்றிக்கொண்டு பறக்க எந்த அதிகாரியும் சம்மதிக்க மாட்டார். அது கேடட்டுக்கும் தெரியும். மறைமுகச் சம்மத வாதம் இங்கே விழுந்தது. புத்தக உதாரணம் காப்பாற்றுவது நல்லெண்ணத்தோடு நம்பியவரைத்தான். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தே கேட்காமல் எடுத்தவருக்கு அதில் இடமில்லை.

வழி தவறிய கதையும் நிற்கவில்லை. பறந்த தூரமும், இறங்கிய பிறகு அதிகாரியை எட்டுவதற்கு எடுத்துக்கொண்ட நாட்களும் அதற்கு எதிராக இருந்தன. வழி சொல்லப் பயிற்சி பெறுபவரே விமானத்தில் இருந்தார் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

அடுத்து முக்கியமான கேள்வி. நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லாவிட்டால்?

இங்கிலாந்தின் பழைய திருட்டுச் சட்டத்தில் அந்த எண்ணம் கட்டாயம் தேவை. உரிமையாளருக்குப் பொருள் நிரந்தரமாக இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்திருந்தால்தான் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தை வரைந்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்தான் என்றாலும், இந்த நிபந்தனையை அவர்கள் இங்கே கொண்டுவரவில்லை. நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் போதும், எடுக்கும்போது எண்ணம் நேர்மையற்றதாக இருந்தால் அது திருட்டுதான்.

சரி, இங்கே முறையற்ற ஆதாயம் எது, நட்டம் எது? அனுமதியில்லாமல் பறந்ததால் கேடட்டுக்குத் தன் சொந்தக் காரியத்துக்கு விமானத்தின் தற்காலிகப் பயன்பாடு கிடைத்தது. அது ஆதாயம். அன்று விமானப் படைக்குப் பயன்பட வேண்டிய விமானம் இல்லாமல் போனது. அது அரசுக்கு நட்டம். விதிகளுக்கு எதிராகக் கிடைத்த ஆதாயம், விதிகளுக்கு எதிராக ஏற்பட்ட நட்டம். இரண்டையும் தெரிந்தேதான் 5 மணிக்கு விமானத்தை எடுத்தார்கள். மே 16 அன்று மனம் மாறி அதிகாரியிடம் போனது, மே 14 அன்று முடிந்துவிட்ட குற்றத்தை அழிக்காது.

இந்தக் கடைசிப் புள்ளியை நான் இந்த வழக்கின் மையமாகக் கருதுகிறேன். திருட்டு என்பது எடுக்கும் கணத்தில் முடிந்துவிடும் குற்றம். பொருளைத் திருப்பிக் கொடுத்தது தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றம் நடந்ததா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

தண்டனை

குற்றம் உறுதியானது. ஆனால் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் அப்படியே விடவில்லை. மேல்முறையீடு செய்தவரின் இளவயது, அதுவரை சிறையில் கழித்த காலம், நடந்ததிலிருந்து ஓடிப்போன வருடங்கள் இவற்றைக் கணக்கில் எடுத்து, ஏற்கெனவே அனுபவித்த சிறையே போதும் என்று குறைத்தது.

இது சரியான முடிவு என்று நினைக்கிறேன். குற்றத்தின் வரையறையை நீதிமன்றம் அகலமாகப் படித்தது. அப்படி அகலமாகப் படிக்கும்போது தண்டனையில் அளவு பார்க்க வேண்டியது இன்னும் அவசியமாகிறது. சேசிஸ் எண்ணைச் சுரண்டி, உதிரி உதிரியாகப் பிரித்து விற்கும் கும்பலும், நண்பனின் பைக்கை எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்ப நிறுத்திய கல்லூரி மாணவரும் ஒரே பிரிவுக்குள் வருகிறார்கள். வித்தியாசத்தைக் காட்ட நீதிபதிக்கு இருக்கும் ஒரே இடம் தண்டனைதான்.

தீர்ப்புக்குப் பின் நடந்தது

ஐந்து ஆண்டு கழித்து, 1962-ல், ராஜஸ்தானிலிருந்தே இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அரசு அலுவலகக் கோப்பு ஒன்றை ஊழியர் வெளியே எடுத்துப் போய் நண்பரிடம் கொடுத்திருந்தார். கோப்பு மறுநாளே திரும்பிவிட்டது. ஒரு நாள் மட்டும்தானே என்ற வாதம் அங்கேயும் எடுபடவில்லை. தற்காலிகமாக எடுப்பதும் திருட்டு என்பது அதோடு அசைக்க முடியாதபடி நிலைத்தது.

இங்கிலாந்தோ வேறு பாதையில் போனது. கார்கள் பெருகியதும் பழைய சட்டத்தின் ஓட்டை தெரிந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு எங்கேயாவது விட்டுப் போகிறவரைத் திருடன் என்று தண்டிக்க முடியவில்லை. அதற்காக 1930-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் உரிமையாளர் சம்மதமின்றி வண்டியை எடுத்து ஓட்டுவது தனிக் குற்றமாக்கப்பட்டது. 1968-ம் ஆண்டுத் திருட்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. அப்படி எடுத்த வண்டியால் ஆளுக்கோ பொருளுக்கோ சேதம் வந்தால் கடுமையான தண்டனை என்று 1992-ல் இன்னொரு குற்றமும் சேர்ந்தது.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருட்டு வண்டியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று 1919-ல் வந்தது. 1926-ல் திருட்டு விமானம் ஒன்றை இலினாய் மாநிலத்திலிருந்து ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோக வைத்தவருக்கு அந்தச் சட்டப்படி 3 ஆண்டு சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். 1931-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். வண்டி என்றால் சாதாரண மனிதர் மனதில் வருவது தரையில் ஓடுவதுதான், விமானம் அதில் அடங்காது என்றார். எது குற்றம் என்று மக்களுக்குப் புரியும் மொழியில் சட்டம் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஜோத்பூர் வழக்கில் இப்படி ஒரு வாதம் எழவே வழியில்லை. இந்தியச் சட்டம் வண்டி என்று சொல்லவில்லை, அசையும் பொருள் என்றது. 1860-ல் எழுதிய அந்தப் பொதுச் சொல் விமானத்தையும் தாங்கிக்கொண்டது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்கு 378 என்ற எண்ணே பரிச்சயமாக இருக்கும். அங்குள்ள தண்டனைச் சட்டங்கள் இந்தியச் சட்டத்திலிருந்து பிறந்தவை, திருட்டுக்கு இன்றும் அதே எண்தான். இலங்கையின் 1883-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையும் அதே வழியில் வந்தது, அங்கே எண் 366. ஆனால் மலேசியாவும் சிங்கப்பூரும் மோட்டார் வாகனத் திருட்டுக்கென்று 379ஏ என்ற தனிப் பிரிவைச் சேர்த்து, உச்சத் தண்டனையை 7 ஆண்டாக்கின. வரையறை பழையது, தண்டனை புதியது.

இன்று இதே வழக்கு வந்தால்

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. திருட்டின் வரையறை 303-வது பிரிவுக்கு மாறியிருக்கிறது. சாரம் அதேதான், எனவே 1957 தீர்ப்பின் காரணங்கள் இன்றும் பொருந்தும். சாதாரணத் திருட்டுக்கு இன்றும் 3 ஆண்டு வரை. இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்தது 1 ஆண்டு கடுங்காவல், அதிகபட்சம் 5 ஆண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடி அதன் மதிப்பையோ பொருளையோ திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவை தண்டனையாகும். ஓடும் நிலையில் உள்ள மோட்டார் வண்டி பெரும்பாலும் அந்த விலைக்குள் வராது என்பதால், வண்டி வழக்குகளுக்கு இந்தச் சலுகை கிட்டத்தட்ட இல்லை.

பெரிய மாற்றம் 305-வது பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் வீட்டுக்குள்ளோ, பொருள் பாதுகாக்கும் கட்டடத்துக்குள்ளோ நடக்கும் திருட்டுக்கு இருந்த 7 ஆண்டுத் தண்டனை இப்போது இன்னும் சிலவற்றுக்கு விரிந்திருக்கிறது. சரக்கையோ பயணிகளையோ ஏற்றிச் செல்லப் பயன்படும் போக்குவரத்துச் சாதனத்தைத் திருடுவது அதில் ஒன்று. அரசின் சொத்தைத் திருடுவது இன்னொன்று. ஜோத்பூர் விமானம் அரசின் சொத்து. இன்று நடந்திருந்தால் 3 ஆண்டுப் பிரிவில் அல்ல, 7 ஆண்டுப் பிரிவில்தான் குற்றச்சாட்டு போயிருக்கும். அபராதமும் சேரும்.

இதில் எனக்குக் கவலை உண்டு. வரையறை அவ்வளவு அகலமாக இருக்கும்போது உச்சத் தண்டனையும் இரட்டிப்புக்கு மேல் ஆகிறது. லாரி, ஆட்டோ திருடும் கும்பலுக்கு 7 ஆண்டு நியாயம்தான். ஒரு ஆட்டோதான் ஒரு குடும்பத்தின் முழு வருமானம், அதைத் தூக்கிப் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் ஸ்டாண்டில் நின்ற ஆட்டோவை எடுத்து ஒரு சுற்று ஓட்டிய பதினெட்டு வயதுக்காரருக்கும் எஃப்.ஐ.ஆரில் அதே பிரிவு விழலாம். விழுந்தால் ஜாமீனும் சுலபம் இல்லை.

அந்த மாதிரி வழக்குகளுக்காகவே மோட்டார் வாகனச் சட்டத்தில் 197-வது பிரிவு இருக்கிறது. உரிமையாளர் சம்மதமோ சட்ட அனுமதியோ இல்லாமல் வண்டியை எடுத்து ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் அபராதம் 500 ரூபாய்தான். கேட்டிருந்தால் உரிமையாளர் சம்மதித்திருப்பார் என்று நியாயமாக நம்பி எடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. புத்தக உதாரணத்தில் பார்த்த அதே நியாயம்தான் இங்கே சட்டத்தின் வாசகமாகவே வந்திருக்கிறது. உண்மையிலேயே ஓட்டிப் பார்க்க எடுத்தது என்று முதல் நாளே தெரியும் வழக்கில் போலீஸ் இந்தப் பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். வக்கீல்களும் ஜாமீன் மனுவிலேயே இதை எழுப்ப வேண்டும், சாட்சி விசாரணை வரை காத்திருக்கத் தேவையில்லை.

தண்டனைக் கட்டத்தில் கையில் இருக்கும் கருவியும் 1957-ல் இருந்ததைவிட வலுவானது. தீர்ப்பு வந்த மறு வருடம், 1958-ல், குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. முதல் முறை தவறு செய்தவரை நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க அது வழி தருகிறது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால் ஏன் அனுப்புகிறேன் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். 18 நிரம்பாதவர் என்றால் வழக்கே இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்விடும். இந்த விதிகளைப் பற்றி எதிரி தரப்பே வாய் திறக்காமல் தண்டனை விதிக்கப்படும் வழக்குகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

புகார் கொடுப்பவர் கவனிக்க வேண்டியது

ஜோத்பூர் வழக்கை அரசுத் தரப்பு வென்றது பதிவேடுகளால்தான். யார், எப்போது, எந்த விமானத்தில் போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால் எது மீறப்பட்டது என்பதைக் காட்ட முடிந்தது. நம் வண்டிக்கு அப்படிப் பதிவேடு இருக்காது. ஆகவே புகாரில் சில விவரங்கள் தெளிவாக வர வேண்டும்: வண்டி கடைசியாக எங்கே நின்றது, சாவி யாரிடம் இருந்தது, எடுத்தவர் தெரிந்தவர் என்றால் இதற்கு முன் சம்மதத்தோடு எடுத்த வழக்கம் உண்டா, இந்த முறை கேட்டாரா, மறுக்கப்பட்டாரா, வண்டி காணோம் என்று தெரிந்ததும் போன் செய்து பார்த்தீர்களா, அவர் எடுத்துப் பேசினாரா. ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் இன்சூரன்ஸ் நகலையும் மட்டும் இணைத்துவிட்டு "மேற்படி வாகனத்தைக் காணவில்லை" என்று இரண்டு வரியில் முடிக்கும் புகாரில் சம்மதம் பற்றியோ எண்ணம் பற்றியோ ஒன்றும் இருக்காது. பிறகு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை தொடங்கும்போது, உரிமையாளர் அதுவரை சொல்லாத பழைய பழக்கங்கள் ஒவ்வொன்றாக எதிரி தரப்பு வக்கீல் வாயிலிருந்து வரும்.